ஸ்குவாடுக்கு ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி

ராதாபுரத்துத் திண்ணையில் ஒருவன், துபாய் அறையில் இன்னொருவன். போனில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆட ஸ்குவாடாகச் சேரும்போது இங்கே ராத்திரி 10 மணி, அங்கே 8.30. குடிக்க என்ன?

பதநீர் காலையிலேயே தீர்க்க வேண்டியது. கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தாலும் ராத்திரிவரை தாங்காது, புளித்துவிடும். ராத்திரிக்குக் கருப்பட்டிக் காப்பிதான் சரி. கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, சுக்கும் காப்பித்தூளும் போட்டுக் கொதிக்கவிடுங்கள். பால் வேண்டுமென்றால் இறக்கி, சற்று ஆறியபின் சேருங்கள். கூடவே கொதித்தால் திரிந்துவிடும்.

டம்ளரை சார்ஜர் வயர் போகாத பக்கம் வையுங்கள். உறிஞ்சும்போது மைக்கை அணைத்துவிடுங்கள். எதிரியின் காலடிச் சத்தம் கேட்காமல் செத்தவன் உங்களைத்தான் ஏசுவான். போனில் சிந்தினால் உடனே அணைத்து, துடைத்துக் காற்றில் உலர்த்துங்கள். அரிசிப் பானைக்குள் போட வேண்டாம்.