சங்கல்பமும் பெருங்காரியமும்

சைவக் கிரியை எதுவாயினும் அதன் தொடக்கத்தில் சங்கல்பம் செய்யப்படுகின்றது. உபயகாரர் விரலில் பவித்திரம் அணிந்து, பூவும் அட்சதையும் ஏந்தி நிற்க, சிவாச்சாரியார் காலத்தையும் இடத்தையும் கூறி, அவரது பெயர், நட்சத்திரம் சொல்லி, என்ன நோக்கத்திற்காக என்ன கிரியை செய்யப்படுகின்றது என்பதை இறைவன் திருமுன் உரைக்கின்றார். அவ்வேளையில் அடியார்களிற் பலர் தம் பெயர் தவறாமற் சொல்லப்பட்டதா என்பதை மட்டுமே கவனிக்கின்றனர். ஆனால் அங்கு நிகழ்வது பெயர் வாசிப்பு அன்று. இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்னார் இன்னது செய்வேன் என்று தம்மைத் தாமே கட்டிக்கொள்ளுதலே சங்கல்பம் ஆகும்.

ஆசை வேறு, சங்கல்பம் வேறு. ஆசைக்கு நாளும் இல்லை, இடமும் இல்லை. பொதுக்கூட்டத்தில் ஏகமனதாக நிறைவேற்றப்படும் தீர்மானமும் வேறு. ஆலயங்களின் பழைய கூட்டக் குறிப்பேடுகளைப் புரட்டினால், முன்மொழிந்தவர் பெயரும் வழிமொழிந்தவர் பெயரும் இருக்கும். செய்து முடித்தவர் பெயர் எழுதும் இடம் வெறுமையாகவே கிடக்கும். மஹோற்சவத்தில் காப்புக் கட்டிக்கொண்ட குரு, விழா நிறைவெய்தும் வரை ஊரெல்லையைக் கடப்பதில்லை. கட்டப்படுவது ஒரு நூல்தான். எனினும் அது மற்ற எல்லாப் பயணங்களையும் நிறுத்திவிடுகின்றது. எதனை விட்டான் என்பதைக் கொண்டே ஒருவனது உறுதியை அளக்க வேண்டும்.

திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் மனத்தினாலேயே கோயில் கட்டினார் என்பதை அனைவரும் அறிவர். அவர் முதலில் பொருள் தேடி அலைந்து, கிடையாமையால்தான் உள்ளத்தில் கட்டத் தொடங்கினார் என்பதைச் சிலர் மறந்துவிடுகின்றனர். அது பகற்கனவும் அன்று. கல்லும் மரமும் தேடி, தச்சரைச் சேர்த்து, ஆகமப்படி நன்னாளில் அடிநிலை இட்டு, இரவிலும் துயிலாது, விமானம், சுதை வேலை, கிணறு, மதில், திருக்குளம் என ஒவ்வொன்றாக முடித்துக் குடமுழுக்கிற்கு நாளும் குறித்தார். அதனாலன்றோ எம்பெருமான் பல்லவ மன்னனின் கனவில் தோன்றி, காஞ்சியிலே அவன் எழுப்பிய கற்றளிக்குக் குறித்த நாளை மாற்றும்படி பணித்தருளினார்! அகத்திற் கட்டுபவனும் ஒரு படியையும் தாண்டிச் செல்ல முடியாது.

புறத்தே செய்யவேண்டிய பணிகளிலும் இதுவே நிலை. நல்லூரில் 1822இல் அவதரித்த ஆறுமுக நாவலர், வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆசிரியராய் அமர்ந்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற்கும் துணைநின்றவர். அக்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் கல்வி பெரும்பாலும் மிஷனரிமார் கையிலேயே இருந்தது. சைவப் பிள்ளை ஒவ்வொன்றும் தன் சமயத்தைத் தன் மொழியில் ஐயந்திரிபறக் கற்க வேண்டும் என்பது நாவலர் கொண்ட எண்ணம். அன்றைய நிலையில் அது கைக்கு எட்டாத எண்ணம். படிப்பிக்கப் பாடசாலை இல்லை, பாடசாலை வைத்தால் புத்தகம் இல்லை, புத்தகம் எழுதினால் அச்சிட யந்திரம் இல்லை.

அவர் 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கம் தொடங்கினார். 1848இல் சம்பளம் தந்த பதவியை விட்டார். அதே ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. 1849இல் தமிழகம் சென்று அச்சியந்திரம் கொண்டுவந்தார். பாலபாடம், பெரியபுராண வசனம், சைவ வினாவிடை என நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. இல்லறத்திலும் புகவில்லை. சாதி பற்றிய அவரது நிலைப்பாட்டை இன்றைய சைவர்கள் பலர் ஏற்பதில்லை. ஏற்க வேண்டியதும் இல்லை. ஆயினும் தாம் எடுத்த பணிக்கு அவர் தம்மைக் கட்டிக்கொண்ட விதத்தில் யாரும் குறை காண இயலாது.

இவ்வளவும் செய்தும் அவர் எண்ணியது அவர் காலத்தில் முடியவில்லை. 1879இல் அவர் சிவபதம் அடைந்தபோது கண்முன் இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய பாடசாலைகளே. சைவபரிபாலன சபை 1888இல் அமைந்தது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி 1890இல் உருவாயிற்று. ஊர்தோறும் சைவப் பாடசாலைகளை நடத்திய சைவ வித்தியாவிருத்திச் சங்கம் 1923இல் தோன்றியது. உறுதி இருந்தால் நினைத்தது கைகூடும் என்று மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். எப்போது கைகூடும், யார் கையால் என்பவை செய்பவனுக்குச் சொல்லப்படுவதில்லை. சங்கல்பத்தில் கிரியையின் பயன் இறைவனது பிரீதிக்கே என்று ஒப்படைக்கப்படுவதன் பொருளும் இதுவேயாகும். பயனைத் தனக்கென வைத்துக்கொண்டவன், அது கிட்டாதபோது வேலையையும் விட்டுவிடுவான். இராவணனின் தவ உறுதிக்கு என்ன குறை? அது தன்பொருட்டாகவே நின்றமையால் அவனோடு முடிந்தது.

நாவலரின் மற்றொரு எண்ணம் இன்னும் நீண்ட காலம் எடுத்தது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம், போர்த்துக்கேயர் காலத்தில் அழிக்கப்பட்டு, மாந்தைக் காட்டுக்குள் இருந்த இடமும் தெரியாமற் கிடந்தது. அதனை மீட்டெடுக்க வேண்டும் என்று அவர் 1872இல் சைவ மக்களுக்கு எழுதி வேண்டினார். அன்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அவர் மறைந்து 14 ஆண்டுகளின் பின், 1893இல், வண்ணார்பண்ணைச் சைவர்களின் முயற்சியால் அந்நிலம் அரசாங்க ஏலத்தில் வாங்கப்பட்டது. அகழ்ந்தபோது பழைய சிவலிங்கம் வெளிப்பட்டது. 1903இல் சிறு கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. 1948இல் சேர் கந்தையா வைத்தியநாதன் தலைமையில் திருப்பணிச் சபை அமைந்தது. அவரும் 1976ஆம் ஆண்டுக் கும்பாபிஷேகத்தைக் காண இருக்கவில்லை. பின்னர் போர் வந்து பூசைகள் தடைப்பட்டன, அடியார்கள் இடம்பெயர்ந்தனர். மீண்டும் வந்து, கருங்கற் கோயிலாகவே எழுப்பி, 2022 ஜூலையில் கும்பாபிஷேகம் செய்தனர். 1872இலிருந்து எண்ணினால் 150 ஆண்டுகள். சிவராத்திரி தோறும் பாலாவித் தீர்த்தத்தைக் குடங்களில் மொண்டுவந்து தம் கையாலேயே இலிங்கத்திற்கு வார்க்க அங்கு அடியார்கள் வரிசையில் நிற்கின்றனர்.