பாடநூலின் தரம் யார் கையில்?

கேள்வி: நல்ல ஆசிரியர்கள் எழுதினால் பாடநூல் நன்றாக வந்துவிடாதா? அரசின் கொள்கைக்கு இதில் என்ன பங்கு?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நல்ல ஆசிரியர்கள் தமிழ்நாட்டில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எவ்வளவு அவகாசம், எவ்வளவு சுதந்திரம் என்பதை முடிவுசெய்வது அரசு. 2011-இல் சமச்சீர் கல்விப் புத்தகங்கள் அச்சாகிக் காத்திருந்தன. ஆட்சி மாறியதும், திட்டத்தைத் தள்ளிவைக்கச் சட்டத்தையே திருத்தினார்கள். ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை பல வகுப்புகளில் பிள்ளைகள் கையில் புத்தகம் இல்லை. நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

அதே மாநிலத்தில்தான் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு பாடத்திட்டத்தைப் புதுப்பிக்க, 2018-இல் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய நூல்கள் வந்தன. அச்சும் படங்களும் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. ஆனால் நான் பெரிதாக மதிப்பது, அதையொட்டிப் பிளஸ் ஒன்னுக்குக் கொண்டுவந்த பொதுத்தேர்வை. அதற்கு முன் பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. பிரிக்கவே பிரிக்காத புத்தகத்தை எவ்வளவு அருமையாக எழுதித்தான் என்ன?

2025-இல் அந்தத் தேர்வை அரசு கைவிட்டிருக்கிறது. மாணவரின் சுமை குறையும், சரி. பிளஸ் ஒன் பாடம் வகுப்பில் நடக்கிறதா என்று இனி யார் பார்ப்பது? உங்கள் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் இதை அவசியம் கேளுங்கள்.