இடுப்புவலி: எப்போது பொறுக்கலாம், எப்போது விரைய வேண்டும்?

நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில், இடுப்புவலிக்கு ஸ்கேன் எடுக்கப் பணம் கேட்டு வருபவை எப்போதும் உண்டு. அவர்களில் பலருக்கு அந்த ஸ்கேன் தேவையே இராது. உடனே ஸ்கேன் எடுக்க வேண்டிய சிலரோ, தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். இந்த இரண்டையும் பிரித்தறிய நாம் அனைவரும் கற்றுக்கொள்ளலாம். அதற்காகவே இந்தப் பாடம்.

வலி எங்கிருந்து வருகிறது?

கீழ்முதுகில் 5 முள்ளெலும்புகள் உள்ளன. உடலின் மேல்பாதி எடையைத் தாங்குபவை இவையே. எலும்புகளுக்கு நடுவே மெத்தை போன்ற வட்டுகள் (டிஸ்க்) இருக்கின்றன. சுற்றிலும் தசைகள்; அருகே காலுக்குச் செல்லும் நரம்புகள். எந்த இடத்தில் கோளாறு என்பதைப் பொறுத்து வலியின் தன்மை மாறும்.

1. தசைப்பிடிப்பு: இதுவே மிகவும் அதிகம். தண்ணீர்க் குடம் தூக்கும்போதோ மூட்டை இறக்கும்போதோ 'பிடித்துக்கொள்ளும்'. வலி இடுப்போடு நிற்கும். பெரும்பாலும் சில வாரங்களில் குறைந்துவிடும்.

2. நரம்பு அழுத்தம்: வட்டு பிதுங்கி நரம்பைத் தொட்டால், வலி பிட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழேயும் மின்சாரம் பாய்வது போல் இறங்கும். இருமினால், தும்மினால் கூடும். இதிலும் பெரும்பாலோர் அறுவை சிகிச்சை இல்லாமலே தேறுகிறார்கள்.

3. தேய்மானம்: வயதானவர்களுக்கு வரும். சிறிது தூரம் நடந்ததும் கால்கள் கனக்கும், மரத்துப்போகும், உட்கார்ந்தால் தணியும்.

4. வாத அழற்சி: இளவயதினருக்கு வரும். காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் இடுப்பு விறைத்திருக்கும். நடமாடினால் குறையும், படுத்தால் கூடும். மாதக்கணக்கில் இப்படி இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

5. சிறுநீரகக் கல்: விலாவின் கீழிருந்து அடிவயிற்றுப் பக்கம் விட்டுவிட்டுச் சுருட்டிப் பிடிக்கும். சிறுநீரில் எரிச்சலோ இரத்தமோ இருக்கலாம். இது முதுகெலும்பு நோய் அல்ல.

வீட்டில் என்ன செய்யலாம்?

படுத்தே கிடக்க வேண்டாம். கடுமையான வலியென்றால் ஓரிரு நாள் ஓய்வு போதும். அதற்கு மேல் படுத்தால் தசைகள் பலமிழந்து, வலி நீடிக்கும். தாங்கும் அளவுக்கு நடங்கள். 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்; அவர்களுக்கு வேறொருவர் சூட்டைப் பார்த்துக் கொடுக்கட்டும்.

கடையில் வலி மாத்திரை வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவது வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்துக்குக் கேட்டையும் உண்டாக்கும். இரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

பீடி சுற்றும் சகோதரிகள் மணிக்கணக்கில் தரையில் குனிந்திருக்கிறார்கள். சுவரில் சாய்ந்து, இடுப்புக்குப் பின்னால் மடித்த துணியை வைத்துக்கொள்ளுங்கள். முறத்தைச் சிறு பலகைமேல் உயர்த்தி வையுங்கள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடங்கள். ஆட்டோ ஓட்டுபவர்கள் பின்பாக்கெட்டில் பர்ஸை வைத்து அதன்மேல் உட்கார வேண்டாம். சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் இறங்கி நில்லுங்கள். எடை தூக்கும்போது முழங்காலை மடக்கி, பொருளை உடலோடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருப்பாதீர்கள்.

வலி தணிந்ததும் ஒரு எளிய பயிற்சி: மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மெதுவாக உயர்த்தி 5 வரை எண்ணி இறக்குங்கள். காலையும் மாலையும் 10 முறை செய்யலாம்.

தொழுகையில் ருகூவும் ஸுஜூதும் தாங்க முடியாத வலி தந்தால், உட்கார்ந்து தொழ மார்க்கத்தில் சலுகை உண்டு. முறையை உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வலியை அடக்கிக்கொண்டு உடலை வதைக்க வேண்டியதில்லை.

ஸ்கேன் எப்போது?

வலியே இல்லாத பலரின் ஸ்கேனிலும் வட்டு பிதுங்கியிருப்பது தெரியும். வயதானால் முடி நரைப்பது போன்றதே அது. அறிக்கையைப் பார்த்து அஞ்சி, தேவையில்லாத செலவில் இறங்குபவர்கள் உண்டு. ஆறு வாரமாகியும் குறையாவிட்டால், அல்லது கீழ்க்காணும் அறிகுறி ஒன்று இருந்தாலும், மருத்துவர் சொல்வதன்படி எடுக்கலாம்.

அபாய அறிகுறிகள்

• சிறுநீர் கழிக்க முடியாமை, அல்லது சிறுநீரும் மலமும் அறியாமல் வெளியேறுதல்
• தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போதல்
• கால் பலமிழத்தல், பாதம் தூக்க முடியாமை
• மாலைக் காய்ச்சல், உடல் மெலிதல், இரவிலும் ஓயாத வலி (முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம்)
• முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் வலி
• வயதானவர் கீழே விழுந்தபின் வரும் வலி

முதல் மூன்றும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. தாமதித்தால் இழந்த பலம் திரும்பாமலே போகலாம். மற்றவற்றுக்கும் நாள் கடத்த வேண்டாம். காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

இந்த அறிகுறிகள் உள்ள எவரும் நம்மிடம் மனு கொடுத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். முதலில் மருத்துவமனைக்குப் போங்கள். மனுவைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.