அன்டூவைத் தொடாமல் பத்து நிமிடம்

டேப்லெட்டைத் திறந்ததும் நேரே படத்துக்குள் இறங்காமல், முதல் பத்து நிமிடத்தைக் கோட்டுக்கு மட்டும் கொடுங்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த காலண்டர் ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை தீட்டியவர். ஆளுயரத் துணியில் கோடு தோளிலிருந்துதான் வரும். மடியில் வைத்த டேப்லெட்டிலோ மணிக்கட்டு மட்டுமே அசைகிறது. நீண்ட வளைவு நடுவில் உடைவது அதனால்தான். ஆகவே திரையை ஜூம் செய்யாமல், முழங்கையைத் தூக்கி, திரை நிறைய நீள்வட்டங்கள் போடுங்கள். பிறகு ஒரே கோட்டை மெலிதாகத் தொடங்கி, அழுத்தி, மறுபடி மெலிதாக முடியுங்கள். பேனாவின் அழுத்தம் அன்றைய கைக்குப் பிடிபடும். கடைசியாகச் சின்னச் சிக்குக்கோலம் ஒன்று, கூடியவரை பேனாவை எடுக்காமல்.

'அன்டூ இருக்க, பயிற்சி எதற்கு?' என்பார்கள். அன்டூ கோட்டைத்தான் அழிக்கும், கைப்பழக்கத்தை அல்ல. பயிற்சியைத் தவிர்த்தால், ஒரே புருவத்தை அழித்து அழித்துப் போடுவதிலேயே அந்தப் பத்து நிமிடம் போய்விடும். தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரமே கிடைக்கிறவர்களுக்கு இந்தப் பத்து நிமிடமும் அதிகம்தான். அவர்களுக்குக் கோலம் ஒன்றே போதும். மாதிரிப் படம் தேடி இணையத்தில் மேய்வதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதை முந்தின நாளே முடித்து வைக்கலாம்.