நோட்டீஸ் சொன்னது என்றால் யார் சொன்னது?

புராஜெக்ட் நோட்டில் "ஒரு நோட்டீஸில் படித்தேன்" என்று எழுதினால் போதுமா? போதாது. டெங்கு பற்றி சுகாதாரத் துறையும் நோட்டீஸ் தருகிறது. மருந்து விற்பவரும் தருகிறார். யார் சொன்னது என்று தெரிந்தால்தானே எவ்வளவு நம்பலாம் என்று புரியும்?

புத்தகத்தை நூலகத்தில் தேடலாம். சுவரொட்டியை நாளைக்கே கிழிச்சிடுவாங்க, இல்லேன்னா மேலே வேற ஒண்ணு ஒட்டிடுவாங்க. அதனால் பார்த்த உடனே குறித்துக்கொள்ளுங்கள்:

1. வெளியிட்டவர் யார்? ஆள் பெயர் இல்லையென்றால் அமைப்பின் பெயர்.
2. தலைப்பு. இருப்பதை அப்படியே எழுதவும்.
3. துண்டுப்பிரசுரமா, சுவரொட்டியா?
4. ஊர், ஆண்டு. ஆண்டு போடவில்லையா? "தேதி இல்லை" என்று எழுதணும். நாமே ஊகிச்சுப் போடக் கூடாது.
5. சுவரொட்டி என்றால் பார்த்த இடம், பார்த்த தேதி.

மாதிரி:
பொது சுகாதாரத் துறை. "கொசுவை ஒழிப்போம்". துண்டுப்பிரசுரம். சென்னை, தேதி இல்லை.

அடியில் உள்ள பொடி எழுத்தையும் பாருங்க! தேர்தல் நோட்டீஸ், சுவரொட்டி என்றால் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் கட்டாயம் இருக்க வேண்டும். 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 127ஏ பிரிவு அப்படிச் சொல்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை தண்டனை கிடைக்கலாம்.

பெயரே இல்லாத நோட்டீஸ் கிடைத்தால்? "வெளியிட்டவர் பெயர் இல்லை" என்று எழுதுங்கள். படிப்பவர் உஷாராகிவிடுவார்!