வெளிநாட்டில் தாதிக் கல்வி, உள்நாட்டில் பதிவு



டன்லப் தெரு அப்துல் கபூர் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு தகப்பனார் நம்மிடம் கேட்ட கேள்வியிலிருந்து இந்தப் பாடத்தைத் தொடங்குகிறோம். "மகள் ஆஸ்திரேலியாவில் மூன்று வருஷம் தாதிப் படிப்புப் படித்துப் பட்டம் வாங்கிவிட்டாள். அடுத்த வாரம் ஊர் திரும்புகிறாள். வந்ததும் கேகே ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடலாம் அல்லவா, பாய்?"

சேரலாம், ஆனால் அடுத்த வாரம் அல்ல. பட்டம் என்பது ஒன்று. தாதியாக வேலை பார்க்கும் உரிமை என்பது வேறொன்று. முன்னதைப் பல்கலைக்கழகம் தருகிறது. பின்னதை அந்தந்த நாட்டின் சட்டம் தருகிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் பணத்தையும் காலத்தையும் இழக்கும் குடும்பங்கள் உண்டு என்பதால் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சிராங்கூன் சாலை நகைக்கடைகளை நாம் அனைவரும் அறிவோம். ஊரிலே மாற்றுப் பார்த்து முத்திரை குத்திய நகையானாலும், இங்கே விற்கக் கொண்டுபோனால் கடைக்காரர் தாமே சோதித்துப் பார்க்காமல் விலை சொல்வதில்லை. அது நம்மை அவமதிப்பதல்ல. வாங்கியவர் நாளைக்கு வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். தாதியர் பதிவும் அப்படித்தான். தவறான மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டால் போவது தங்கமல்ல, உயிர்.

தாதியரைச் சட்டப்படி பதிவு செய்யும் வழக்கம் அவ்வளவு பழையது அல்ல. தாதியருக்கென்றே தனிச் சட்டம் இயற்றிய முதல் நாடு நியூசிலாந்து, ஆண்டு 1901. இங்கிலாந்தில் 1919இலும், சென்னை மாகாணத்தில் 1926இலும் சட்டம் வந்தது. இந்தியா முழுமைக்குமான தாதியர் கவுன்சில் சட்டம் 1947ஆம் ஆண்டினது. சிங்கப்பூரில் 1885ஆம் வருஷம் ஆகஸ்ட் முதல் தேதி பிரெஞ்சுக் கன்னிமாடத்துச் சகோதரிகள் பொது மருத்துவமனையில் நோயாளிகளைப் பராமரிக்கத் தொடங்கினார்கள். அந்தத் தேதியைத்தான் இன்றும் இங்கே தாதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். இப்போது நடைமுறையில் இருப்பது 1999ஆம் ஆண்டின் தாதியர், மருத்துவச்சியர் சட்டம். அதை நிர்வகிப்பது சிங்கப்பூர் தாதியர் வாரியம். அந்த வாரியத்தின் பதிவேட்டில் பெயரும், கையில் செல்லுபடியாகும் தொழில் அனுமதிச் சான்றிதழும் இல்லாமல் ஒருவர் இங்கே தாதித் தொழில் செய்யலாகாது. எந்த நாட்டுப் பட்டமும் இதற்கு விலக்கல்ல.

இனி, புறப்படுவதற்கு முன்னரே கவனிக்க வேண்டியவை. இதிலேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். இங்கே நடந்த தவறைப் பிறகு திருத்துவது மிகக் கடினம்.

"டிப்ளமா" என்ற ஒரு சொல் செய்யும் குழப்பத்தைப் பாருங்கள். சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாண்டு தாதிமை டிப்ளமா முடித்தவர், பதிவுபெற்ற தாதி என்ற நிலைக்கு வருகிறார். ஆஸ்திரேலியாவிலோ டிப்ளமா முடித்தவருக்குக் கிடைப்பது அதற்கு ஒரு படி கீழே உள்ள துணைத் தாதி நிலைதான்; பதிவுபெற்ற தாதியாவதற்கு அங்கே மூன்றாண்டுப் பட்டப் படிப்பு வேண்டும். கட்டணம் குறைவு, காலமும் குறைவு என்று முகவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, இங்குள்ள டிப்ளமாவைப் போன்றதுதானே என்று மகளை அனுப்பிவைத்தால், அவள் திரும்பி வரும்போது எதிர்பார்த்த பதவிக்கும் கையிலுள்ள தாளுக்கும் பொருந்தாது.

அன்றியும், பட்டம் என்று பெயர் இருந்தாலே போதாது. ஏற்கெனவே தாதியாக இருப்பவர்கள் மேற்படிப்பாகப் படிக்கும் பட்டங்கள் உண்டு. சுகாதார அறிவியல் என்று பொதுப் பெயர் கொண்ட பட்டங்களும் உண்டு. புதிதாகப் படிப்பவரை இவை தாதியாக்கா. "இந்தப் படிப்பை முடித்தவர் உங்கள் நாட்டிலேயே பதிவுபெற்ற தாதியாகலாமா?" என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். ஆகலாம் என்று நேராகப் பதில் வராவிட்டால் அந்தப் படிப்பை விட்டுவிடுங்கள். பிரிட்டனுக்குச் செல்வோர் இன்னொன்றும் கேட்க வேண்டும். அங்கே வயதுவந்தோர், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என்று நான்கு பிரிவுகளாகத் தாதிக் கல்வி பிரிந்திருக்கிறது. பதிவும் அந்தந்தப் பிரிவுக்கே. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் வேலை பார்க்கும் எண்ணமுள்ளவர், தாம் எடுக்கும் பிரிவு இங்கே எப்படி ஏற்கப்படும் என்பதை வாரியத்துக்கு எழுதிக் கேட்டுக்கொண்டு போவதே புத்தி.

படிக்கும் காலத்தில் பிள்ளைகள் அலட்சியம் செய்வது ஒன்று உண்டு. அது வார்டுப் பயிற்சிக் கணக்கு. ஆஸ்திரேலியப் பட்டப் படிப்பில் குறைந்தது 800 மணி நேரம் மருத்துவமனை முதலிய இடங்களில் பயிற்சி பெற வேண்டும். பிரிட்டனில் மொத்தம் 4,600 மணி. அதில் பாதி செய்முறை. எந்த மருத்துவமனை, எந்த வார்டு, எத்தனை மணி, மேற்பார்த்தவர் யார் என்பதற்கான தாள்களை ஒரு கோப்பில் போட்டு வைக்கட்டும். பாடத்திட்டப் பிரதியும் அதிலேயே இருக்கட்டும். நான்கு வருஷம் கழித்து இங்கிருந்து கடிதம் எழுதிக் கேட்டால், அங்கே அதைத் தேடி எடுத்துத் தரப் பொறுமையுள்ளவர் கிடைப்பது அரிது.

படிப்பு முடிந்ததும் விமானம் ஏறுவதற்கு முன், படித்த நாட்டிலேயே பதிவு செய்துகொள்ள வேண்டும். இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். நாம்தான் ஊர் திரும்பப் போகிறோமே, அங்கே எதற்குக் கட்டணம் கட்டிப் பதிவு செய்வது என்று சிலர் கருதுகிறார்கள். அது தவறு. இங்குள்ள வாரியம் வெளிநாட்டில் பயின்றவரைப் பார்த்து முதலில் கேட்பதே, "படித்த நாடு உங்களைத் தாதியாக ஏற்றுக்கொண்டதா?" என்பதுதான். ஆஸ்திரேலியாவில் 2010ஆம் ஆண்டு ஜூலை முதல் நாடு முழுமைக்கும் ஒரே பதிவு முறை இருக்கிறது. பிரிட்டனில் 2002 முதல் தாதியர், மருத்துவச்சியர் மன்றம் அந்தப் பணியைச் செய்கிறது. அங்கே பதிவானபின், பதிவு உண்மை, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்ற உறுதிமொழி அந்த அமைப்பிடமிருந்தே வர வேண்டும். நாம் கையில் கொண்டுபோய்க் கொடுக்கும் நகல் போதாது.

இந்த இடத்தில் நம் சமூகத்துக்கே உரிய ஒரு சங்கடத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அதுதான் பெயர். நம் பெண்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனார் பெயர் பின்னால் வரும். அடையாள அட்டையில் ஃபாத்திமா பீவி இன்னாரின் மகள் என்றிருக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தார் குடும்பப் பெயர்க் கட்டத்தில் வாப்பாவின் பெயரைப் போட்டு மகளை அப்துல் காதர் ஆக்கிவிடுவார்கள். பதிவு மன்றத்தார் பீவி என்பதே குடும்பப் பெயர் என்பார்கள். ஃபாத்திமாவை ஆங்கிலத்தில் எழுதும் விதமும் இடத்துக்கு இடம் மாறும். மூன்று தாளில் மூன்று பெயர் இருந்தால் அவை ஒரே பெண்ணுடையவை என்று நிரூபிக்கச் சத்தியப் பத்திரம், வக்கீல், தபால் என்று வாரங்கள் ஓடிவிடும். ஆகவே சேர்க்கை விண்ணப்பத்திலேயே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள். பிழை கண்டால் முதல் வருஷத்திலேயே திருத்திக்கொள்ள வேண்டும்.

ஊர் வந்து சேர்ந்தபின் நடப்பது என்ன? முதலில் வேலை தேட வேண்டும். பதிவு அதற்குப் பின்னர். தலைகீழாகத் தோன்றினும், வெளிநாட்டில் பயின்றவரின் மனு பொதுவாக அவரை நியமிக்க முன்வரும் மருத்துவமனை வழியாகவே வாரியத்துக்குச் செல்கிறது. பொதுத்துறையில் மூன்று குழுமங்கள் இருக்கின்றன. கேகேயும் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையும் சிங்ஹெல்த்தைச் சேர்ந்தவை. டான் டோக் செங், தேசியச் சுகாதாரக் குழுமத்தில் இருக்கிறது. கெண்ட் ரிட்ஜிலுள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை மூன்றாவது குழுமத்தினுடையது. ஒன்றில் இடமில்லையென்றால் மற்றதில் கேட்கலாம். மருத்துவமனை நியமிக்கச் சம்மதித்து மனு போனபின், வாரியம் தாள்களைச் சரிபார்க்கும். உரிமத் தேர்வு எழுதச் சொல்லலாம். வார்டில் திறமையைச் சோதிக்கலாம். முதலில் மேற்பார்வையின் கீழ் வேலை செய்யச் சொல்லலாம். இந்த விதிகள் அவ்வப்போது மாறுவதால், அண்டை வீட்டுப் பெண் போன வருஷம் செய்ததையே நம்பியிராமல் வாரியத்தின் அன்றைய அறிவிப்பைப் பார்த்துச் செய்யுங்கள். காத்திருக்கும் மாதங்களில் தன்னைத் தாதி என்று சொல்லிக்கொண்டு வேலை பார்ப்பது கூடாது. தெரிந்தவர் கிளினிக்கில் "சும்மா ஊசி போட்டுக்கொடு" என்று கேட்டாலும் கூடாது.

தாதி வேலை நம் பெண்களுக்கு ஏற்றதா என்று இன்னமும் கேட்கும் பெரியவர்கள் உண்டு. அகழ்ப் போரில் காயமுற்ற சஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கச் செய்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அந்தக் கூடாரம் இருந்ததோ மதீனாவின் பள்ளிவாசலில். இதற்குமேல் நாம் வாதிக்க வேண்டுவதில்லை. தலைத்துணியைப் பற்றிய தயக்கம் நீண்ட காலம் நியாயமாகவே இருந்தது. இங்கே பொதுத்துறை மருத்துவமனைகளில் சீருடையோடு அதை அணிய இடமில்லாதிருந்தது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங் அனுமதி அறிவித்தார். அவ்வருஷம் நவம்பர் முதல் தேதி அது நடப்புக்கு வந்தது. வெளிநாட்டு வார்டுகளில் தலைத்துணியோடு பயின்ற பெண்கள், திரும்பி வந்தால் அதைக் கழற்ற வேண்டுமே என்று அஞ்சி அங்கேயே தங்கிவிட வேண்டிய தேவை இப்போது இல்லை. ஆண்பிள்ளைகளுக்கும் இந்தத் தொழில் உரியதே என்பதை இடையில் சொல்லி வைக்கிறோம். அதைக் கேட்டு முகம் சுளிக்கும் தகப்பன்மார் தாம் படுக்கையில் விழுந்தால் தூக்கி உட்கார வைக்க யாரைத் தேடுவார்களோ!

கேள்வி கேட்ட தகப்பனாருக்கு இன்னும் ஒரு வார்த்தை. கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். சிராங்கூன் வட்டாரத்தின் பழைய மாட்டுத் தொழில் அந்தப் பெயரில் நிற்கிறது. 1966ஆம் ஆண்டு அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. நம்மில் பலர் அங்கே பிறந்தவர்களே. மகள் அங்கே பிரசவ அறையில் மருத்துவச்சியாக நிற்க விரும்பினால், தாதியாகப் பதிவானது மட்டும் அதற்குப் போதாது. மருத்துவச்சியர் பதிவேடு தனி. அதற்குரிய பயிற்சியும் தனி. எந்த வார்டில் வேலை பார்க்க ஆசை என்பதை மகளிடம் இப்போதே கேட்டுவிட்டு, நேர்முகத் தேர்வின்போது மருத்துவமனையாரிடம் அதைத் தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள்.