ஒரு சிறு செம்பு வட்டம்



சாரல் வந்தால் நம் செங்கோட்டைக்கும் குற்றாலத்துக்கும் கொண்டாட்டம்தான். ஆனால் அருவி சில வேளை சொல்லாமல் பெருகும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைக் கொண்டுபோயிற்று. அதை நினைத்தே, நீர்மட்டம் உயர்ந்தால் ஒலியெழுப்பும் சிறு கருவி ஒன்றை அறிவியல் மன்றத்தில் செய்தோம். முதல் நாள் ஒலித்தது, மறுநாள் ஊமையாகிவிட்டது. பலகையைத் திருப்பினால், பஸ்ஸரின் கம்பி செம்பையும் உரித்துக்கொண்டு தொங்கியது! தவறு என்னுடையதே. கம்பி பற்றும் செம்பு வட்டத்தை மிகச் சிறிதாக வரைந்திருந்தேன். அதில் கற்ற பாடம் இது.

கம்பிகளுக்குப் பதிலாகச் செம்புக் கோடுகளைப் பலகையிலேயே அமைக்கும் முறைக்கு 1943இல் காப்புரிமை கோரியவர், வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர். நாம் வாங்கும் பலகையில் செம்பின் தடிப்பு பொதுவாக 0.035 மி.மீ. மட்டுமே. தொழிற்சாலையில் செய்யும் இருபக்கப் பலகைகளில் துளையின் உட்சுவரிலும் செம்பு பூசுவதால் வட்டம் உறுதியாக நிற்கும். நம் பலகையில் அதைப் பிடித்திருப்பது பசை ஒன்றே. வட்டம் சிறுத்தால் பசையின் பிடியும் சிறுக்கும். சூடு மிஞ்சினால் பசை இளகிவிடும். துளையிடும் கை சற்று விலகினாலோ வட்டமே அறுந்துபோகும்.

ஆகவே, வரையும்போது நினைவில் கொள்க:

1. மின்தடை, டிரான்சிஸ்டர் கால்களுக்கு 0.8 மி.மீ. துளை, 2 மி.மீ. வட்டம். தடித்த கால் உள்ள டையோடுக்கு 1 மி.மீ. துளை, 2.5 மி.மீ. வட்டம்.

2. வெளியிலிருந்து வரும் கம்பிக்கு 4 மி.மீ. வட்டம். அருகே வேறொரு துளையிட்டு, கம்பியை அதில் நுழைத்துக் கொண்டுவந்தால் இழுப்பு வட்டத்தின் மேல் விழாது.

3. ஐ.சி. கால்களின் இடைவெளி 2.54 மி.மீ. அங்கே வட்டம் வரைந்தால் ஈயம் பக்கத்துக் காலோடு ஒட்டிக்கொள்ளும். 1.5 மி.மீ. அகலம், 2.5 மி.மீ. நீளம் உள்ள முட்டை வடிவம் நன்று.

4. வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி அளவு மை படாமல் விடுங்கள். அங்கே செம்பு அரிக்கப்பட்டுச் சிறு குழி விழும். துளையிடும் ஊசி வழுக்காது.

5. கோடு வட்டத்தைச் சேருமிடத்தில் நீர்த்துளி போல் அகலட்டும்.

வரைய நெயில் பாலிஷே போதும். ஃபெரிக் குளோரைடு கரைசலைப் பிளாஸ்டிக் தட்டில் மட்டும் ஊற்றுங்கள். கையுறையும் ஆசிரியை துணையும் கட்டாயம். சாரல் ஈரத்தில் செம்பு கறுத்துவிடும். தேய்த்துப் பளபளப்பாக்கிய உடனே ஈயம் வையுங்கள். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரி செல்சியஸில் உருகும். மூன்று விநாடிச் சூடு போதும். பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

பெரிய வட்டங்களோடு மறுபடி செய்த கருவி இன்றும் ஒலிக்கிறது. ஆயினும் அது பாடக் கருவியே. அருவிக்கரையில் காவலர் சொல்லே நமக்கு எச்சரிக்கை. கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் உள்ள சிறு வட்டம்தானே என்று எண்ணாதீர்கள். அது விட்டுவிட்டால் கருவி முழுதும் மௌனமே.